பெடலுக்கு ஆடு கொடுத்த தடையில்லாச் சான்று

"வேல செய்யலன்னு நீ சொல்லிட்டா அது வேல செய்யாம போய்டுமா? இன்னா பேச்சு பேசற நீ!"

"நான் சொல்லல சார், அது சொல்லுது. நீங்களே ஒரு மிதி மிதிச்சிப் பாருங்க."

"நான் இன்னாத்துக்கு மிதிக்கணும்? நான் தர ஆய்வாளரு. மிதிக்கிறது பயனாளி வேல."

"பயனாளி மிதிச்சி மிதிச்சி குதிகாலு வீங்கிப் போச்சி சார். ஒரு மிதிக்கு கிர்ருங்குது, ஒரு மிதிக்கு செத்துப் பூடுது, அடுத்த மிதிக்கு இன்னா பண்ணும்னு அதுக்கே தெரியல!"

ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், முன்பு சாமை மூட்டை அடுக்கிய கிடங்கிலிருந்துதான் இந்தச் சத்தம். இப்போது அதைக் கிடங்கு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ‘மலையக இளைஞர் மெல்லிசை மேம்பாட்டுக் கழகம், கிளை அலுவலகம்’ என்று நீலப் பலகை மாட்டியாகிவிட்டது. பலகை வந்த பிறகு எலிகூட மனு கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறது என்று பக்கத்து டீக்கடையில் பேச்சு. சந்தை நாள் வேறு. புளி விற்க வந்தவர்களில் பாதிப்பேர் புளியை மறந்துவிட்டு ஜன்னலோரம் நின்றார்கள். ஜன்னல் கிடைக்காதவர்களுக்கு, கிடைத்தவர்கள் உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கத்திக்கொண்டிருந்தவள் கலைவாணி. நெல்லிவாசல்நாட்டுப் பெண். வேலூரில் கல்லூரிக்குப் போனவள், விடுதித் தோழியிடம் கிடார் கற்றுக்கொண்டு, பட்டத்தோடு அதையும் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். பட்டத்தைப் பற்றி ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கிடாரைப் பற்றிக் கேட்காதவர் இல்லை.

அவள் சண்டை போட்டது ஒரு இரும்புப் பெட்டிக்காக. கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வயரில் கோத்துத் தரையில் வைக்கிற பெட்டி, பேர் பெடல். காலால் ஒரு மிதி மிதித்தால் கொஞ்சுகிற கிடார் உறுமும். இன்னொரு மிதியில் பழையபடி கொஞ்சும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். அந்த உத்தியோகத்தைக் கழகம் கொடுத்த பெடல் பார்க்கவில்லை.

அவளிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. ஆன்லைனில் வாங்கிய, எந்த ஊர்க் கம்பெனி என்றே தெரியாத பச்சைப் பெட்டி. நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்குகிற காசுதான். வரும்போதே ஒரு திருகு கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. கூட வந்த அடாப்டர் முதல் மாதமே புகைந்தது. வேறு வாங்கிப் போட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெட்டி, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு மரியாதையாகத்தான் இருந்தது. மலிவுச் சரக்கில் அப்படியும் ஒன்று வாய்க்கும்.

ஆனால் கோடை விழா மேடையில் கழகம் சான்றளித்த பெடலை மட்டுமே மிதிக்க வேண்டும் என்று இந்த வருஷம் விதி. மேடையே கழகத்தினுடையது. மேடையில் வாசித்தே ஆகவேண்டிய நிலை கலைவாணியுடையது.

காரணம் அவள் அம்மா மணியம்மாள். போன மாதம் பேச்சை முடித்துவிட்டாள். "தோ பாரு, இந்த கோட விழா ஒண்ணுதான். வேலூர் ஆர்கெஸ்ட்ராகாரரு ஆள் பொறுக்க வர்றாருன்னு சொல்ற. அவரு கூப்ட்டா போ, நான் தடுக்கல. கூப்டலன்னா உங்க மாமன் மவன் ரமேசுக்கு பரியம் வாங்கி கல்யாணத்த முடிச்சிடுவேன். அப்புறம் எதுவா இருந்தாலும் அவன் வூட்டு அடுப்பாண்ட ஒக்காந்து வாசி."

ரமேஷ் கெட்டவன் இல்லை. கிடாரைப் பார்த்து, "இதுல தண்ணி ஊத்தி வெக்கலாமா?" என்று ஒருமுறை கேட்டான், அவ்வளவுதான்.

இனி கழகத்தின் பெடல் கதைக்கு வருவோம். கழகத்தில் கிடார் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. அதைக் குறை என்று நினைத்துவிடக் கூடாது. தெரிந்தவர் இருந்தால் பாரபட்சம் வரும் என்பதால், முதல் நாளிலிருந்தே திட்டமிட்டுத் தவிர்த்திருந்தார்கள். டெண்டரைப் பார்த்தது, முன்பு மகளிர் குழுக்களுக்குத் தையல் மெஷின் வாங்கிய பிரிவு. அவர்களுக்குப் பெடல் என்றால் பெடல். ஆகவே தரப் பரிசோதனையும் அந்த வழியிலேயே நடந்தது. தர ஆய்வாளர் சரவணகுமார் இரண்டு கால்களையும் வைத்துப் பெட்டிமேல் ஏறி நின்றார். பெட்டி நெளியவில்லை. கூட ஒரு எழுத்தரையும் ஏற்றிக்கொண்டார். அப்போதும் நெளியவில்லை. ‘உறுதி: மிக நன்று’ என்று முத்திரை குத்தினார்கள்.

உள்ளதைச் சொல்லவேண்டும், அந்த இரும்பு நல்ல இரும்புதான். அதற்குள்ளே இருந்ததெல்லாம்தான் குப்பை. வயர் செருகுகிற துளை ஆடிக்கொண்டே இருந்தது. திருகு குமிழைத் திருப்பினால் கருவாடு வறுக்கிற சத்தம். மிதிக்கிற பொத்தான் உள்ளே போனால் வெளியே வர யோசித்தது. மாட்டிய அடாப்டரோ, கிடார் சும்மா இருக்கும்போதும் ஊம் என்று ஒரு வண்டை உள்ளே பிடித்து வைத்திருந்தது. சிவப்பு விளக்கு மட்டும் பளிச்சென்று எரியும். மிதித்தாலும் எரியும், மிதிக்காவிட்டாலும் எரியும்.

"லைட்டு எரியுதில்ல?" என்றார் சரவணகுமார்.

"எரியுது சார்."

"அப்புறம்?"

"சத்தம் வரல சார்."

"லைட்டு எரியுதுன்னு நீயே ஒத்துக்கிற. பேசாம கையெழுத்து போட்டுட்டுப் போ."

கலைவாணி போகவில்லை. ஜன்னலில் தலைகள் கூடிக்கொண்டே போயின. சரவணகுமாருக்கு வேர்த்தது. சான்றளித்த பொருள் பழுதாகாது என்பது கழகத்தின் அடிப்படைக் கொள்கை. பெடல் பழுதில்லை, ஆனால் சத்தம் வரவில்லை. நடுவில் மிச்சம் இருப்பது என்ன? பயனாளியின் கால்.

எனவே காலை ஆய்வு செய்தார்கள்.

செருப்பைக் கழற்றச் சொல்லி, சாக்பீஸால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார்கள். ரேஷன் கடையிலிருந்து தராசு வரவழைத்து, அவள் ஒற்றைக்காலின் எடையை மட்டும் தனியாக எடுக்க முயன்றார்கள். அவள் மற்றக் காலைத் தூக்கினால் முழு எடையும் காட்டியது. ஊன்றினால் பாதிதான் காட்டியது. இரண்டில் எது உண்மை என்று எழுத்தர் ராஜேஸ்வரிக்கும் ஆய்வாளருக்கும் வெகுநேரம் வாக்குவாதம் நடந்தது. அந்த வாக்குவாதத்தின்போது இருவரும் தேவைக்கு மேல் சிரித்துக்கொண்டார்கள் என்பது ஜன்னல் தரப்பின் சாட்சியம்.

வந்த அறிக்கை இப்படிச் சொன்னது: ‘மலைப்பகுதிப் பயனாளியின் பாதம் ஏற்ற இறக்கத்துக்குப் பழகியிருப்பதால், சமதளத்துக்காக வடிவமைக்கப்பட்ட பெடலில் அழுத்தம் சீராக விழவில்லை. பாதப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.’

பயிற்சி முகாமும் நடந்தது. செங்கத்திலிருந்து தையல் ஆசிரியை ஒருவர் வந்தார். பெடல் வாங்கிய மலைப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி, "முன்பாதம்... பின்பாதம்... முன்பாதம்..." என்று வெறும் தரையை மிதிக்கவைத்தார். பெடலை ஏன் மிதிக்கக் கூடாது என்று கலைவாணி கேட்டாள்.

"மிதிச்சா கெட்டுப் பூடும்மா. கவர்மெண்டு பொருளு மாதிரிதான இதுவும்," என்றார் அந்த அம்மாள். பாவம், அந்த முகாமிலேயே உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

இந்தச் சேதி நெல்லிவாசல் போய்ச் சேர்ந்ததும் மணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பெண் கிடார் வாசிப்பது அவளுக்குப் பிடிக்காதுதான். அதற்காகப் பெண்ணின் காலைக் குறைசொல்ல ஜமுனாமரத்தூர்க்காரனுக்கு என்ன உரிமை? மறுநாள் ஷேர் ஜீப்பில் இறங்கினாள். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் கருப்புக் கிடா.

"யாரு சாரு எம்பொண்ணு காலு கோணன்னு எழுதினது?"

"கோணன்னு எழுதலம்மா. அழுத்தம் சீரா இல்லன்னுதான்..." சரவணகுமார் எழுந்து நின்றார். "அது விஞ்ஞானம்."

"விஞ்ஞானமா? ஜீப்பு வராத நாள்ல நெல்லிவாசல்லேர்ந்து அந்தக் காலுதான் சாரு நடந்து வந்துச்சி. உம் பொட்டிதான் ஒக்காந்த எடத்துலயே செத்துச்சி. இப்ப இன்னான்ற?"

"அம்மா, ஆட்ட வெளிய கட்டுங்க."

"ஆடு எதுக்கு வெளிய? அதான் பேசப்போவுது. பொட்டி சொல்றது எங்களுக்குப் புரியல. எம்பொண்ணு சொல்றது ஒங்களுக்குப் புரியல. ஆட்டக் கேட்டுக்கலாம் வா. எங்க ஊர்ல எல்லாத்துக்கும் அதத்தான் கேக்கறோம்."

மலையில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஒரு காரியத்துக்குச் சாமியின் சம்மதம் வேண்டுமென்றால், ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமிக்குச் சம்மதம். உதறாமல் நின்றால் சம்மதம் இல்லை. காரியத்தை அன்றைக்குத் தள்ளிவைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். எளிய ஏற்பாடு.

இந்த நேரத்தில் உள்ளறையின் கதவு திறந்தது. மண்டல மேலாளர் ராஜேந்திரன் வெளியே வந்தார். சத்தத்தைக் கேட்டு வந்தாரென்றால் நம்பக் கூடாது. அவர் சத்தத்துக்கு எழுந்திருக்கிற ஆள் இல்லை. ‘ஆடு’, ‘ஊர்’, ‘கேக்கறோம்’ என்ற மூன்று சொற்கள் கதவிடுக்கு வழியே போய் அவர் மூளையில் ஒரு மணியை அடித்திருந்தன. தலைமையகம் அவரை இரண்டு விஷயங்களுக்காக வாட்டிக்கொண்டிருந்தது: வெளியார் ஒருவரைக் கொண்டு தர ஆய்வு நடத்தவில்லை என்பது ஒன்று, மலைமக்களின் பங்கேற்பு போதவில்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே விடை, கொம்பும் தாடியுமாக எதிரே நின்று ராஜேஸ்வரியின் மேசைக் காகிதத்தை மென்றுகொண்டிருந்தது.

"அற்புதம்," என்றார் ராஜேந்திரன். "இந்த ஆடு நம்ம ஊழியரா?"

"இல்ல சார், எங்க ஆடு," என்றாள் கலைவாணி.

"அப்போ வெளியாள். உபகரணத்தோட எந்த ஆதாயத் தொடர்பும் இல்ல. மிகச் சரி. தண்ணிய ஊத்துங்கம்மா."

பெடலை ஆட்டின் முன்னால் வைத்தார்கள். விளக்கு எரிந்தது. மணியம்மாள் சாமியை நினைத்துக்கொண்டு, "இந்தப் பொட்டி நல்ல பொட்டின்னா நீ உதறு," என்று சொல்லி மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். ஆடு உதறவில்லை. பெட்டியை ஒருமுறை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. இன்னொரு செம்பு ஊற்றினாள். காதுகூட அசையவில்லை. ஜன்னலில் இருந்த புளிக்காரர்கள் ஒருமித்து ‘ச்ச்’ கொட்டினார்கள். ஒருவர், "சாமிக்கே புடிக்கலயாம்பா, கொண்டு போய் ஆத்துல போடு," என்றார்.

கலைவாணிக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா சார்? மாட்டேன்னு சொல்லிட்டுது."

"சொல்லிச்சா?" ராஜேந்திரன் சுற்றிலும் பார்த்தார். "யார் காதிலாவது விழுந்துதா? நான் பாத்த வரைக்கும் ஆடு எந்த ஆட்சேபணையும் தெரிவிக்கல. ரெண்டு முறை வாய்ப்புக் குடுத்தோம். ரெண்டு முறையும் எதிர்ப்பு இல்ல. ராஜேஸ்வரி, எழுதிக்க. ‘சம்பந்தப்பட்ட ஆடு, உபகரணத்தை நேரில் ஆய்வு செய்து, ஆட்சேபணை ஏதும் தெரிவிக்காததால், தடையில்லாச் சான்று வழங்கப்படுகிறது.’"

"சாரு, அது அப்டி இல்ல," மணியம்மாள் பதறினாள். "நின்னா வாணான்னு அர்த்தம். உதறினாதான்..."

"அம்மா, நான் இருபத்தெட்டு வருஷமா ஆபீஸ்ல இருக்கேன். அசையாம நின்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியும்."

அதோடு பெடலின் தரம் சந்தேகத்துக்கு அப்பால் போய்விட்டது. ஆடும் போய்விட்டது. சான்று கொடுத்த அதிகாரி கழகத்தின் பொறுப்பில் இருப்பதுதான் முறை என்று, மணியம்மாள் கையிலிருந்து கயிற்றை வாங்கிக் கிடங்கின் பின்தூணில் கட்டிக்கொண்டார்கள். கேட்கப் போனவளிடம், அது இப்போது அயல்பணியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஆட்டின் புகழ் வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மேடைக்கு வந்த மரத்தை அதன் முன்னால் காட்டினார்கள், ஆட்சேபணை இல்லை. பந்தல் துணி, ஆட்சேபணை இல்லை, ஓரத்தில் கொஞ்சம் தின்றது. பஜ்ஜிக் கடையின் எண்ணெய். மூக்கைச் சுளித்தது, ஆனால் உதறவில்லை. ஒரு வண்டி நிறைய வந்த அடுத்த சுற்றுப் பெடல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவே இல்லை. ஆட்டை லாரிப் பக்கம் ஒரு நடை கூட்டிப் போனதோடு சரி. தழைக்கென்று தனிப் படி ஒதுக்கினார்கள். கழுத்தில் கழக அடையாள அட்டை தொங்கியது. அட்டையில் இருந்த புகைப்படத்தில், ராஜேந்திரனைவிட ஆடு தெளிவாக விழுந்திருந்தது என்று ஒரு பேச்சு.

கடைசியில் கலைஞர் தேர்வையும் அதனிடமே விட்டார்கள். ஒருவர் வாசித்து இன்னொருவர் கேட்டுத் தேர்ந்தெடுப்பதில் தனிமனித ரசனை நுழைந்துவிடுகிறதாம். ஆகவே ஒவ்வொரு பயனாளியும் கருவியோடு ஆட்டின் முன் போய் நிற்கவேண்டும். தண்ணீர் ஊற்றப்படும். ஆடு சும்மா நின்றால் மேடை.

புதூர்நாட்டிலிருந்து வந்த பையன் ஒருவன் கிடாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். தேர்வு. இன்னொருவன் கிடாரே கொண்டுவரவில்லை, பெடல் மட்டும் கொண்டுவந்திருந்தான். அவனும் தேர்வு.

கலைவாணி போய் நின்றாள்.

குட்டியிலிருந்து பலாத்தழை ஒடித்துப் போட்டு வளர்த்தவள் அவள். இவ்வளவு நாளாய்க் கோப்புகளுக்கு நடுவில் கிடந்த ஆடு, அவள் முகத்தைப் பார்த்ததும் காது விடைத்துக் கத்தியது. கயிற்றை இழுத்துக்கொண்டு எகிறிக் குதித்தது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே வாலிலிருந்து கொம்பு வரைக்கும் அப்படி ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து உதறியது. சரவணகுமாரின் சட்டையெல்லாம் ரோமம்.

ஜன்னலில் கைதட்டினார்கள். மலை வழக்கப்படி சாமி இதைவிடத் தெளிவாகச் சம்மதம் சொன்னதே கிடையாது.

"கடும் ஆட்சேபணை," என்று எழுதினாள் ராஜேஸ்வரி.

"சார், அது எங்க ஆடு சார்! என்னப் பாத்து சந்தோஷத்துல குதிக்குது!"

"அப்டின்னா இன்னும் மோசம்," என்றார் ராஜேந்திரன். "தெரிஞ்சவங்களே ஆட்சேபிக்கிறாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் கலைவாணி ஜீப்புக்குக் காத்திருக்கவில்லை. நடந்தே போனாள். வழி நெடுக அவள் மனசுக்குள் ஓடியது ஒன்றுதான்: ரமேஷ் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கும்? மணியம்மாள் அன்று திட்டவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "ஆடும் போச்சி," என்றாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பிறகு எப்படி மேடையேறினாள் என்றால், கழகத்தின் தயவால்தான். விழாவுக்கு முதல் நாள் தலைமையகத்திலிருந்து போன் வந்தது: மேடையில் பெண் கலைஞர் படம் ஒன்றுகூட இல்லாமல் ஆண்டறிக்கை அச்சடிக்க முடியாது. மலை முழுக்க வலைவீசினால் கிடார் வைத்திருக்கிற பெண் ஒருத்திதான். ராஜேஸ்வரியே போன் போட்டாள். "கலை, நீ வா. ஆனா வாசிக்கக் கூடாதாம். புகைப்பட நோக்கத்துக்கு மட்டும். கிடார மாட்டிக்கினு, காலப் பெடல் மேல வெச்சி, சிரிச்சிக்கினு நின்னா போதுமாம். சிரிப்புக்கு ஆட்டுகிட்ட கேக்க வாணாம், நான் சொல்லிட்டேன்."

கலைவாணி ஒரு நிமிஷம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு, "வர்றேன்கா," என்றாள்.

விழா நாள். கூட்டம் என்று சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முன்வரிசை முழுக்கக் கழக ஊழியர்கள், நடுவரிசைகளில் நாற்காலிகள், கடைசியில் கொஞ்சம் மக்கள். ஊழியர் ஒவ்வொருவர் கையிலும் வாக்கிடாக்கி. பக்கத்தில் நிற்பவரிடமும் அதில்தான் பேசினார்கள். வேலூர் ஆர்கெஸ்ட்ரா முதலாளி அருணகிரி, வெள்ளைச் சட்டையும் வாயில் வெற்றிலையுமாகப் பஜ்ஜிக் கடையோரம் உட்கார்ந்திருந்தார். அதுவரை ஏறிய பிள்ளைகளின் பெடல்கள் ஒவ்வொன்றாகக் கிர்ரென்று இழுத்து மேடையிலேயே உயிரைவிட்டதைப் பார்த்திருந்தார். வந்த பஸ் எப்போது திரும்பும் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

கலைவாணி மேடையேறினாள். கிடாரை மாட்டினாள். ஸ்பீக்கருக்குப் போகிற வயரைக் கழற்றிவைக்கச் சொல்லித்தான் உத்தரவு. எந்த வயர் எங்கே போகிறது என்று கழகத்தில் தெரிந்தவர் இல்லாததால், எல்லாம் மாட்டியபடியே இருந்தன. புகைப்படக்காரர், "காலு வைமா," என்றார். வைத்தாள். பொத்தான் உள்ளே போனது. போனது போனதுதான், வெளியே வரவில்லை.

ஊம் என்று வண்டு எழுந்தது. அதற்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் கிளம்பி, ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டின் வழியாகவும் பந்தல் முழுக்கக் கேட்டது.

"...கூட்டம் பத்தல சரவணா, ஓவர்."

சரவணகுமாரின் குரல் பதில் சொன்னது. "பஸ் ஸ்டாண்டுல நிக்கறவங்கள இட்டாந்து ஒக்கார வெக்கட்டுமா சார், ஓவர்?"

கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

மட்டமான பெட்டிகளுக்கு இந்த ஒரு குணம் உண்டு. பக்கத்தில் வாக்கிடாக்கி பேசினால் அதையும் பிடித்துக் கிடாரின் வழியாகக் கொட்டிவிடும். ராஜேந்திரன் பந்தலுக்குப் பின்னால், சிறப்பு விருந்தினருக்கு இளநீர் வெட்டுகிற இடத்தில் இருந்தார். அவர் காதில் விழுந்தது இளநீர் வெட்டுகிற சத்தம் மட்டும். சரவணகுமாரோ கூட்டம் பிடிக்க ரோட்டுக்குப் போயிருந்தார்.

"அந்த ஆர்கெஸ்ட்ராகாரரு எங்க, ஓவர்?"

"பஜ்ஜிக் கடையாண்ட கீறாரு சார், ஓவர்."

"அங்கயே நிறுத்திவை. இன்னும் ரெண்டு பஜ்ஜி வாங்கிக் குடு. நம்ம பெடல் லட்சணத்த அவரு கேட்டாருன்னா வேலூர் முழுக்க நாறடிச்சிடுவாரு. அந்தப் பொட்டி இன்னா எழவுன்னு எனக்குத் தெரியாதா? ஓவர்."

அருணகிரியின் கையில் பஜ்ஜி அப்படியே நின்றது. பிறகு அதை இலையில் வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காலியாகக் கிடந்த நடு நாற்காலிகளைத் தாண்டி முன்வரிசைக்கு வந்தார். ஓர் ஊழியரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவ்வளவு நேரம் டீக்கடையில் இருந்தவர்களும் ஓடிவந்தார்கள். கழகம் ஆரம்பித்த நாள் முதலாக அந்தப் பந்தல் நிறைந்தது அன்றுதான்.

கலைவாணி பெடலைப் பார்த்தாள், அருணகிரியைப் பார்த்தாள். குனிந்தாள். பெட்டியிலிருந்து இரண்டு வயரையும் பிடுங்கினாள். ராஜேந்திரனின் குரல் பாதியில் அறுந்தது. ஸ்பீக்கர் வயரை நேராகக் கிடாரில் செருகினாள்.

உறுமல் இல்லை, பூச்சு இல்லை. கம்பியின் வெறும் குரல். அந்த வெறும் குரலுக்காக எழுதப்பட்ட பாட்டும் அல்ல அது. திருவிழாக் கச்சேரிகளில் விசில் பறக்கிற ஒரு குத்துப்பாட்டின் முன்னிசை. தொடங்கிய இடத்தில் விரல் வழுக்கியது. இன்னொரு இடத்திலும் தப்பு. அவள் நிற்கவில்லை. கால் தானாகத் தாளம் போட்டது, வெறும் பலகையில்.

அதற்குள் சரவணகுமார் மேடையோரம் ஓடிவந்துவிட்டார். "நிறுத்தும்மா! பெடல் இல்லாம வாசிக்கிறது விதிமீறல்!"

கலைவாணி திரும்பாமலே, "போட்டோ புடிச்சிட்டாங்களா சார்?" என்றாள்.

"புடிச்சாச்சி!"

"அப்ப உங்க நோக்கம் முடிஞ்சிடுச்சில்ல? வுடுங்க." வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

இவ்வளவுக்கும் பிறகு கழகம் வெட்கப்பட்டிருக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குக் கழகத்தைத் தெரியாது. ராஜேந்திரன் மைக்கைப் பிடித்தார். நடந்ததைக் காதோடு காதாக யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"பெரியோர்களே! நமது கழகம் வழங்கும் பெடல், இசைக்கு மட்டும் உதவும் சாதாரணப் பெடல் அல்ல என்பதைச் சற்று முன் நேரடிச் செயல்விளக்கமாகக் கண்டீர்கள். செல்போன் கோபுரம் எட்டாத மலை ஊர்களுக்கும் அவசரத் தகவலைக் கொண்டுசேர்க்கும் இரட்டைப் பயன் இதில் இருக்கிறது. இந்த வசதிக்காக நாம் கூடுதல் தொகை எதுவும் கேட்கவில்லை. இதில் சத்தம் வரவில்லை என்று சிலர் குறைசொன்னார்கள். இப்போது கேட்டீர்களே, எங்கள் சத்தமே வந்தது! ஒலிபரப்பான உரையாடலும் முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்க்கப்பட்ட நாடகம்தான். தரம் என்பது காதால் கேட்டு முடிவு செய்வதல்ல. காதுக்கு என்ன தெரியும்? அதற்குப் பொறுப்பும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது."

முன்வரிசை கைதட்டியது. அருணகிரி மட்டும் எழுந்து, மேடைக்குப் பின்னால் கிடாரை உறையில் போட்டுக்கொண்டிருந்த கலைவாணியிடம் போனார்.

"ரெண்டு எடத்துல தப்பு வுட்ட."

"ஆமாண்ணா."

"எங்கெங்கன்னு தெரியுமா?"

"தெரியும்ணா. மொதல்ல ஒண்ணு, ரெண்டாவது திரும்பறப்போ ஒண்ணு."

"தெரிஞ்சா சரி. கச்சேரில கரண்டு போவும், குடிச்சிட்டு ஒருத்தன் மேடையேறுவான், பெடலு பேய் மாதிரி கத்தும். எது நின்னாலும் நிக்காத ஆளுதான் எனக்கு வேணும். எங்கிட்ட கீற பெடலும் மட்டமான வெலதான். ஆனா அதுக்கு யாரும் சர்டிபிகேட் குடுக்கல, அதனால ஒழுங்கா இருக்குது. ஆடி மாசம் அம்மன் கோயில் புரோகிராம் நெறைய வருது. பொறப்பட்டு வந்துடு." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "உங்க வூட்ல ஒத்துக்குவாங்களா?" என்றார்.

ஓரமாக நின்ற மணியம்மாள் முந்திக்கொண்டாள். "ஒத்துக்காம? நான் வாக்கு குடுத்துட்டேன் சாரு. அந்த ஆபீசு மாதிரியா நாங்க?"

கலைவாணி ஆடி பிறப்பதற்கு முன்பே அமிர்தி வழியாக இறங்கி வேலூர் போய்விட்டாள். காட்பாடிப் பக்கம் மூன்று பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறாள். சரவணகுமாருக்கும் ராஜேஸ்வரிக்கும் தை மாதம் கல்யாணம். ஒற்றைக்கால் எடையில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை என்கிறார்கள். ராஜேந்திரன் பதவி உயர்வில் தேனீ வளர்ப்புக்கான வேறொரு கழகத்துக்குப் போனார். அங்கே போன வாரமே தேனீக்கள் கூட்டத்துக்கு வராததற்கு விளக்கம் கேட்டாராம். ஆடு தலைமையகத்துக்கு மாற்றலாகி, தீபாவளிக்கு முந்தின வாரம் பணி ஓய்வு பெற்றதாகத் தகவல். அதற்கு மேல் விசாரித்தவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

ரமேஷுக்கு அமிர்திப் பெண் தேவி அமைந்தாள். நல்ல பெண். கல்யாணத்துக்கு அருணகிரியின் ஆர்கெஸ்ட்ராதான் வரவேண்டும் என்று மாப்பிள்ளையே பிடிவாதம் பிடித்து வரவழைத்தான். மணியம்மாள் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையோடு வந்து மேடைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஊர்க்காரி மங்கம்மாள், மேடையில் கிடாரோடு நின்ற கலைவாணியைப் பார்த்துவிட்டு, மெல்லக் கொக்கி போட்டாள்.

"ஏன்கா, உம் பொண்ணு இப்பல்லாம் ஊருக்கே வர்றதில்லயே. இனிமே எப்பதான் வரும்?"

மணியம்மாள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அட்வான்ஸ் குடுத்தா வரும்," என்றாள்.